உலகச் சுகாதாரச் சமநீதியையும் அமைதியையும் இணைத்து ஆய்வு செய்வது எப்படி?

உலகச் சுகாதாரச் சமநீதியையும் அமைதியையும் ஆய்வுத் துறையாகத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் முதலில் கடக்க வேண்டிய தடை, இத்துறையில் யாரும் மறுக்காத வாக்கியங்கள் மிகுதியாக இருப்பதுதான். எல்லா மக்களின் நலமும் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அடிப்படையானது என்று 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் தன் முகவுரையிலேயே கூறுகிறது. ஆயுதங்களுக்குச் செலவாகும் வளங்களின் ஒரு பகுதியை ஆரம்ப சுகாதாரத்துக்குத் திருப்ப முடியும் என்று 1978ஆம் ஆண்டின் அல்மா-ஆட்டா பிரகடனம் சுட்டிக்காட்டியது. 1986ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனம், நலவாழ்வுக்கான முன்நிபந்தனைகளை வரிசைப்படுத்தும்போது அமைதியை முதலாவதாக வைத்தது. இவற்றை மேற்கோள் காட்டி ஒரு கட்டுரையைத் தொடங்குவது எளிது. ஆனால் நலத்துக்கும் அமைதிக்கும் தொடர்பு உண்டு என்று திரும்பச் சொல்வதற்கு ஆய்வாளர் தேவையில்லை. அந்தத் தொடர்பு எந்தப் பாதை வழியாக, யாருடைய வாழ்வில், எவ்வளவு ஆழமாகச் செயல்படுகிறது என்று காட்டுவதற்கே அவர் தேவைப்படுகிறார். இந்தப் பணியில் இறங்கவிருக்கும் முனைவர் பட்ட மாணவர்களையும் இளம் ஆசிரியர்களையும், மருத்துவப் பணியிலிருந்து ஆய்வுக்கு வருபவர்களையும் மனத்தில் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

கேள்வியை வரையறுத்தல்

சுகாதாரத்தில் காணப்படும் வேறுபாடுகள் எல்லாமே அநீதி அல்ல. இளைஞரைவிட முதியவர் அதிகம் நோயுறுவது இயல்பான வேறுபாடு. ஆனால் 2008இல் மைக்கேல் மார்மாட் தலைமையிலான ஆணையம் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கை எடுத்துக்காட்டியபடி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள கால்டன் பகுதியில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 54 ஆண்டுகளாகவும், அதற்கு அருகிலேயே உள்ள லென்சியில் 82 ஆண்டுகளாகவும் இருந்ததை இயல்பு என்று யாரும் ஏற்க முடியாது. தேவையற்றவையாகவும் தவிர்க்கக்கூடியவையாகவும் நியாயமற்றவையாகவும் உள்ள வேறுபாடுகளே சமநீதிக்கு எதிரானவை என்று பொதுச் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் வகுத்த வரையறை இன்றும் பயனுள்ள தொடக்கப் புள்ளியாகும். எந்தத் தரவைக் கையில் எடுத்தாலும், 'இந்த வேறுபாட்டைத் தவிர்க்க முடியுமா, தவிர்க்க முடியும் என்றால் தவிர்க்காமல் விட்டது யார்?' என்ற கேள்வியை முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது பகுதியைக் கேட்கத் தயங்கும் ஆய்வு வெறும் விவரணையாகவே நின்றுவிடும்.

அமைதி என்பதையும் இதே கண்டிப்புடன் வரையறுத்துக்கொள்ள வேண்டும். நேரடி வன்முறை நின்றிருப்பதை எதிர்மறை அமைதி என்றும், மனிதர்களின் வாழ்வைக் குறைத்துவிடும் சமூகக் கட்டமைப்புகளும் அகன்றிருப்பதை நேர்மறை அமைதி என்றும் நார்வே நாட்டு அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969இல் பிரித்துக் காட்டினார். மருந்து இருந்தும் அது கிடைக்காமல் காசநோயால் ஒருவர் இறந்தால், துப்பாக்கி எதுவும் வெடிக்காவிட்டாலும் அங்கே கட்டமைப்பு வன்முறை நிகழ்ந்திருக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பால் ஃபார்மர் ஹைட்டியில் மருத்துவராகப் பணியாற்றியபடியே இக்கருத்தைத் தன் ஆய்வுகளின் அச்சாகக் கொண்டார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1848இல் மேல் சிலேசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராய பிரஷ்ய அரசு அனுப்பிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, மருந்துப் பட்டியலோடு நின்றுவிடாமல், மக்களாட்சியையும் கல்வியையும் வரிச் சீர்திருத்தத்தையும் தீர்வாகப் பரிந்துரைத்தார். இம்மரபைப் படித்தறிவது அவசியம். எனினும் கட்டமைப்பு வன்முறை என்ற சொல்லாட்சியை எல்லாவற்றுக்கும் விளக்கமாகப் பயன்படுத்தும்போது அது எதையும் விளக்காமல் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எந்தச் சட்டம், எந்த ஒப்பந்தம், எந்த நிதிநிலை முடிவு என்று பெயர் சொல்லக்கூடிய இடம்வரை உங்கள் பகுப்பாய்வு இறங்கிச் செல்ல வேண்டும்.

அடுத்து, நீங்கள் ஆராய்வது எந்தத் திசை என்பதைத் தெளிவாக்குங்கள். போர் நலத்தைச் சிதைப்பது ஒரு திசை. குழுக்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு மோதலுக்கு வழிவகுப்பது மற்றொன்று. பொருளியலாளர் பிரான்சிஸ் ஸ்டூவர்ட் இதைக் கிடைமட்ட ஏற்றத்தாழ்வு என்ற கருத்தின் வழியாக விரிவாக ஆராய்ந்தார். நலப்பணிகள் அமைதிக்கு உதவுவது மூன்றாவது. இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் சான்றுகளின் வலிமை மூன்றுக்கும் ஒன்றல்ல: முதலாவதற்குச் சான்றுகள் ஏராளம், இரண்டாவதற்கு ஓரளவு உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பகுதி வருமானத்தையும் அரசியல் அதிகாரத்தையும் பற்றியவை, நலத்தைப் பற்றியவை குறைவு, மூன்றாவதற்கு நம்பிக்கையே அதிகம், சான்று குறைவு. நல்வாய்ப்பாக, ஒரு இளம் ஆய்வாளர் புதிதாகப் பங்களிக்கக்கூடிய இடமும் அந்த மூன்றாவதுதான்.

பாதையை வரைந்து பார்ப்பது என்றால் என்ன என்பதை ஏமன் நாட்டின் காலரா பரவலைக் கொண்டு விளக்கலாம். 2016 அக்டோபரில் தொடங்கிய அந்நோய்ப் பரவலில், 2017 இறுதிக்குள் நோய்ச் சந்தேகத்துக்குரியவர்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. போரால் காலரா வந்தது என்று எழுதுவது உண்மைதான், ஆனால் போதாது. எரிபொருள் இல்லாததால் நீரேற்று நிலையங்களும் கழிவுநீர் நிலையங்களும் நின்றன; அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றதால் குப்பை அகற்றுவோரும் செவிலியரும் ஊதியமின்றி விடப்பட்டனர்; துறைமுகங்கள் மீதான கட்டுப்பாடுகள் இறக்குமதியைத் தடுத்தன; பட்டினியால் நலிந்த உடல்களை நோய் எளிதில் வீழ்த்தியது. இவ்வாறு ஒவ்வொரு கண்ணியையும் பிரித்தெடுத்தால், எந்தக் கண்ணிக்குத் தரவு இருக்கிறது, எது ஊகம், எந்த இடத்தில் யார் முடிவெடுத்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும் என்பது தெரியவரும். ஆய்வைத் தொடங்கும் முன்பே இத்தகைய வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, அந்நாட்டைச் சேர்ந்த மருத்துவர், பொறியாளர், செய்தியாளர் போன்ற சிலரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அளவிடுதல்

சமநீதி ஆய்வில் சராசரி எண்ணைப் போல ஏமாற்றுவது வேறில்லை. கற்பனையாக ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம்: மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கினரிடையே 1000 பிறப்புகளுக்கு 100 குழந்தைகளும், மிகச் செல்வமுள்ள ஐந்தில் ஒரு பங்கினரிடையே 50 குழந்தைகளும் இறக்கின்றனர். பத்தாண்டுகளில் இவை முறையே 60 ஆகவும் 24 ஆகவும் குறைகின்றன. இருசாராருக்கும் இடையிலான வித்தியாசம் 50இலிருந்து 36 ஆகக் குறைந்துவிட்டதால் சமநீதி கூடியது என்று ஓர் அமைச்சகம் அறிவிக்கலாம்; விகிதம் 2இலிருந்து 2.5 ஆக உயர்ந்துவிட்டதால் ஏற்றத்தாழ்வு மோசமாகிவிட்டது என்று அதன் எதிர்ப்பாளர் கூறலாம். இரண்டு கணக்கும் சரி. எனவே வித்தியாசத்தையும் விகிதத்தையும் எப்போதும் சேர்த்தே வெளியிட வேண்டும். எதை முதன்மையாகக் கொள்கிறீர்கள், ஏன் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். வருமானத்தோடு நிறுத்தாமல் பாலினம், இனம், மொழி, வாழிடம், மாற்றுத்திறன், குடியுரிமை நிலை ஆகியவற்றின்படியும் பிரித்துப் பார்க்க வேண்டும். மோதல் நிலவும் சமூகங்களில் பகையின் கோடுகள் பெரும்பாலும் வருமானத்தின் வழியாக மட்டும் ஓடுவதில்லை.

அதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு நடத்தப்படும் கணக்கெடுப்புகளே பல நாடுகளில் இத்தகைய தரவுக்கு முதன்மை ஊற்று. ஆனால் சண்டை நடக்கும் மாவட்டங்களுக்குக் கணக்கெடுப்பாளர் செல்வதில்லை, முகாம்களில் வாழ்வோர் பல வேளைகளில் மாதிரிச் சட்டகத்திலேயே, அதாவது யாரைக் கணக்கெடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே, இடம்பெறுவதில்லை. அதாவது, யாரைப் பற்றி அறிய வேண்டுமோ அவர்களே தரவிலிருந்து விடுபட்டுப்போகிறார்கள். எந்த மாவட்டங்கள் எந்த ஆண்டில் விடுபட்டன என்று கணக்கெடுப்பு அறிக்கையின் பின்னிணைப்புகளைத் தேடிப் படித்து, அதை உங்கள் கட்டுரையின் முதன்மைப் பகுதியில் எழுதுங்கள். விடுபட்டவர்களைப் பற்றிய அந்த ஒரு பத்தி சில வேளைகளில் மற்ற அட்டவணைகள் அனைத்தையும்விட அதிகம் சொல்லும்.

போர்க்கால இறப்புக் கணக்கில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. ஈராக்கில் 2003 மார்ச் முதல் 2006 நடுப்பகுதிவரை எத்தனை பேர் இறந்தனர் என்ற கேள்விக்கு இரு ஆய்வுகள் அளித்த விடைகளை இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். 2006இல் தி லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, 47 கொத்துகளில் (அருகருகே உள்ள வீடுகளின் தொகுப்புகளில்) 1849 வீடுகளைக் கணக்கெடுத்து, மிகை இறப்புகள், அதாவது போர் இல்லாதிருந்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதலான இறப்புகள், சுமார் 6,55,000 என்று மதிப்பிட்டது. அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு, ஏறத்தாழ 3,93,000 முதல் 9,43,000 வரை விரிந்திருந்தது. 2008இல் வெளிவந்த ஈராக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 9345 வீடுகளின் அடிப்படையில், வன்முறை இறப்புகள் சுமார் 1,51,000 என்றது. மிகை இறப்பும் வன்முறை இறப்பும் ஒன்றல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும்; ஆயினும் முதல் ஆய்வும் வன்முறை இறப்புகளே சுமார் 6,00,000 என்று கூறியதால் முரண்பாடு நீங்கிவிடவில்லை. இவ்விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. எந்த எண் தங்கள் அரசியலுக்கு உகந்ததோ அதையே பலரும் பற்றிக்கொண்டனர். ஆய்வாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடங்கள் தெளிவானவை: கொத்துகளின் எண்ணிக்கையை அதிகரியுங்கள், தெருவையும் வீட்டையும் தேர்ந்தெடுத்த முறையைச் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதுங்கள், வினாநிரலை வெளியிடுங்கள், செய்தியாளரிடம் பேசும்போது நடு எண்ணை மட்டும் சொல்லாமல் இடைவெளியையும் சொல்லுங்கள். நீங்கள் எந்தத் தரப்பின் துயரத்தில் பங்குகொள்கிறீர்களோ அத்தரப்புக்குச் சாதகமான எண்ணைத்தான் மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். பிற்காலத்தில் அந்த எண் உடைந்தால் உண்மையான துயரமும் நம்பப்படாமல் போகும் என்பதே காரணம்.

நாளொன்றுக்கு 10,000 பேரில் ஒருவர் இறந்தால் அவசரநிலை என்று கொள்ளும் அளவுகோல் மனிதநேயப் பணிகளில் வெகுகாலமாகப் புழங்குகிறது. களத்தில் விரைந்து முடிவெடுக்க அது உதவும்; ஆனால் சமநீதியை அளக்க அது போதாது. அந்த எல்லைக்குக் கீழே பல ஆண்டுகள் தொடரும் இறப்புகளை அது காட்டுவதில்லை.

நலப்பணி அமைதியைத் தந்தது என்று சொல்வதற்கு முன்

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு எல் சால்வடாரில் நடந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1985இல், யுனிசெப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் பிறரும் மேற்கொண்ட முயற்சியால் அரசும் கிளர்ச்சியாளரும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காகக் குறிப்பிட்ட நாள்களில் சண்டையை நிறுத்தினர். போர் முடியும்வரை ஆண்டுதோறும் இது தொடர்ந்தது. 1992 ஜனவரியில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. சூடானில் 1995இல், ஜிம்மி கார்ட்டரின் நடுவாண்மையால், குடிநீர் வழியாகப் பரவும் கினிப்புழு நோயின் ஒழிப்புப் பணிக்காகத் தொடங்கிய சண்டைநிறுத்தம் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. ஆனால் அந்தப் போர் விரிவான அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான 2005 வரை ஓயவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைகளைத் தடுப்பூசி காத்தது, மருத்துவப் பணியாளர் முன்பு போக முடியாத ஊர்களுக்குப் போனார்கள் என்பவை உறுதியான பயன்கள். அவற்றைத் தயக்கமின்றி எழுதலாம். அமைதி ஒப்பந்தத்துக்கு அந்நாள்கள் வழிவகுத்தன என்று எழுத வேண்டுமானால், பேச்சுவார்த்தையில் பங்கேற்றவர்கள் அப்போது ஏற்பட்ட தொடர்புகளையும் நம்பிக்கையையும் பிற்பாடு பயன்படுத்தினார்களா என்பதைச் சாட்சியங்களாலும் ஆவணங்களாலும் காட்ட வேண்டும். ஒன்றன்பின் ஒன்று நடந்ததாலேயே ஒன்றால் மற்றொன்று நடந்ததாகிவிடாது. சண்டையிடுவோர் அந்த இடைவேளையில் படைகளை மீள நிரப்பிக்கொண்டார்களா என்ற விரும்பத்தகாத கேள்வியையும் கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஓமன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் ஆதரவுடன் 2019இல் அமைதிக்கான உலக நலவாழ்வு முன்முயற்சியைத் தொடங்கியபின், திட்டங்கள் இருசமூகங்களுக்கிடையே நம்பிக்கையை வளர்க்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பெருகியிருக்கிறது. இதை வரவேற்கலாம். எனினும் நலப்பணிக்கு வேறொரு நோக்கத்தைச் சுமத்தும்போது வரும் ஆபத்தை எடைபோடாமல் வரவேற்கக் கூடாது. 2011இல் அபோட்டாபாத்தில் உளவுப் பணிக்காகப் போலித் தடுப்பூசி முகாம் ஒன்று பயன்படுத்தப்பட்டது வெளியே தெரிந்தபின், பாகிஸ்தானில் போலியோ பணியாளர் மீதான ஐயம் வலுத்தது. அவர்களில் பலர் பின்னர் கொல்லப்பட்டனர். காங்கோ ஜனநாயகக் குடியரசின் வட கிவு பகுதியில் 2018 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட எபோலா பரவலின்போது, படுகொலைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருந்த மக்கள், எபோலாவுக்கு மட்டும் திடீரென்று பணமும் வாகனங்களும் ஆயுதக் காவலும் வந்ததைக் கண்டு ஐயுற்றனர். சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன, 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தபின்பே 2020இல் அப்பரவல் முடிவுற்றது. அந்த ஐயத்தை அறியாமை என்று எழுதித் தள்ளுவது பிழை. தங்களுக்கு எது ஆபத்து என்பதைப் பற்றி அம்மக்களுக்கு ஒரு முன்னுரிமை வரிசை இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. உங்கள் ஆய்வுத் திட்டத்தில் பாதிக்கப்பட்ட மக்களின் அந்த வரிசையைக் கேட்டறியும் கட்டம், நோயைப் பற்றிய வினாக்களுக்கு முன்னால் வர வேண்டும்.

யாருடன் சேர்ந்து, யாருடைய பொறுப்பில்

பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கேள்வியையும் நிதியையும் வைத்துக்கொண்டு, ஏழை நாட்டு ஆய்வாளரைத் தரவு திரட்ட மட்டும் பயன்படுத்தும் முறை இத்துறையில் இன்னும் மறையவில்லை. சமநீதியைப் பற்றிய ஆய்வு இப்படி நடக்கும்போது அதன் முடிவுகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஆய்வே தன் பொருளுக்கு எதிராக நிற்கிறது. இதைத் தவிர்ப்பதற்கு நல்லெண்ணம் போதாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கேள்வியை யார் முடிவு செய்கிறார்கள், முதல் ஆசிரியரும் கடைசி ஆசிரியரும் யார், தரவு எந்த நாட்டின் கணினியில் இருக்கும், மேல்நிலைச் செலவுக்கான நிதியில் களத்திலுள்ள நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, திட்டம் இடையில் நின்றால் பணியாளரின் ஊதியம் என்னவாகும் ஆகியவற்றை விண்ணப்பம் அனுப்பும் முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். பணம் வந்தபின் இவற்றைப் பேசுவது யாருக்கும் எளிதாக இருப்பதில்லை. இருநாட்டு அறநெறிக் குழுக்களின் அனுமதியும் கட்டாயம். ஒரு நாட்டில் அனுமதிக்கப்படாத ஆய்வை விதிகள் தளர்ந்த மற்றொரு நாட்டில் செய்யக் கூடாது என்பதை வளம் குறைந்த சூழல்களில் ஆய்வு செய்வதற்காக 2018இல் வெளியிடப்பட்ட உலக நடத்தை விதிகள் வெளிப்படையாகவே கூறுகின்றன.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கூடாது. மோதல் பகுதியில் மருத்துவமனையின் துல்லிய இருப்பிடம், நோயாளியின் ஊர், செவிலியரின் இனம் ஆகியவை சாதாரணத் தகவல்கள் அல்ல. தவறான கைகளில் அவை தாக்குதல் பட்டியலாக மாறக்கூடும். பகுப்பாய்வுக்குத் தேவையில்லாத அடையாளங்களைத் திரட்டவே வேண்டாம். தேவையானவற்றை மறையாக்கம் செய்து, பெயர்ப் பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமே ஒருவரை ஆபத்தில் சிக்கவைக்கக்கூடிய இடங்களில், வாய்மொழி ஒப்புதலுக்கு அறநெறிக் குழுவின் இசைவை முன்கூட்டியே பெறுங்கள். வெளிநாட்டு ஆய்வாளர் விமானம் ஏறிய பிறகும் உள்ளூர் நேர்காணலாளர் அங்கேயே வாழ வேண்டியிருக்கிறது. எனவே எதை வெளியிடலாம், எப்போது வெளியிடலாம் என்பதில் அவருக்குத் தடுப்பதிகாரம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடிவுகளைக் கொண்டுசேர்த்தல்

ஆய்விதழ்க் கட்டுரை தேவைதான், ஆனால் அதனோடு வேலை முடிவதில்லை. போரில் மருத்துவப் பணிகளைக் காப்பதற்காக 2016 மே 3 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2286ஆம் தீர்மானத்துக்குப் பின்னால், தாக்குதல்களைப் பொறுமையாகப் பதிவு செய்துவந்த மருத்துவர்கள், மனித உரிமை அமைப்புகள், ஆய்வாளர்கள் ஆகியோரின் உழைப்பு இருந்தது. தீர்மானத்துக்குப் பிறகும் தாக்குதல்கள் நிற்கவில்லை; ஆனால் அவை நிற்கவில்லை என்று சொல்ல முடிவதே பதிவு இருப்பதால்தான். பெர்னார்ட் லோன், எவ்கெனி சாசோவ் ஆகிய அமெரிக்க, சோவியத் இதயநோய் மருத்துவர்கள் 1980இல் இணைந்து நிறுவிய அணுஆயுதப் போர்த் தடுப்புக்கான மருத்துவர் அமைப்பு, அணுகுண்டு வெடித்தால் மருத்துவத்தால் எதுவும் செய்ய இயலாது என்ற ஒரே கருத்தை அறிவியல் ஆதாரங்களோடு இடைவிடாமல் முன்வைத்து, 1985இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது. கருத்து ஒன்றாக இருந்ததும் அது அவர்களுடைய தொழில் அறிவுக்குள் அடங்கியிருந்ததும் அந்த முயற்சியின் வலிமை. நீங்களும் பொதுவெளியில் பேசும்போது உங்கள் தரவு எதுவரை தாங்குமோ அதுவரை உறுதியாகப் பேசுங்கள். அதற்கு அப்பால் பேசுவது குடிமகனாக என்று அறிவித்துவிட்டுப் பேசுங்கள். தாக்கியது யார் என்பதற்குத் தரவு தெளிவான விடை தரும்போது, நடுநிலையின் பெயரால் அந்தப் பெயரை மறைப்பது நேர்மையாகாது. களத்தில் சிகிச்சையளிக்கும் அமைப்புக்கு மௌனம் சில வேளைகளில் உயிர்காக்கும் உத்தியாக இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பாக அமர்ந்திருப்பவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

கொள்கை வகுப்போரிடம் போகும்போது அவர்கள் எடுக்கவிருக்கும் முடிவின் காலத்தை அறிந்து போக வேண்டும். பெருந்தொற்று ஒப்பந்தத்துக்கான பேச்சுகள் உலக சுகாதாரப் பேரவை அதை ஏற்ற 2025 மே மாதம்வரை சில ஆண்டுகள் நீண்டன; அந்தக் காலத்தில் வரைவின் குறிப்பிட்ட பிரிவைச் சுட்டி அளிக்கப்பட்ட இரண்டு பக்கக் குறிப்புக்கு இருந்திருக்கக்கூடிய பயன், பேச்சுகள் முடிந்தபின் வெளிவரும் முந்நூறு பக்க நூலுக்கு இருக்காது.

கடைசியாக, ஆய்வில் பங்கேற்ற மக்களிடம் முடிவுகளை அவர்களுடைய மொழியில் எடுத்துச் செல்வதற்கான செலவைத் தொடக்க நிதிநிலையிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்க்க நினைப்பவர்களுக்குப் பணம் மிஞ்சுவதில்லை. அச்சிட்ட சுருக்கம் மட்டும் போதாது. எழுத்தறிவு குறைந்த இடங்களில் கூட்டமோ வானொலி உரையோ தேவைப்படலாம். அந்தக் கூட்டத்தில் உங்கள் விளக்கத்தை அவர்கள் மறுத்தால், அம்மறுப்பையும் பதிவு செய்து வெளியிடும் கட்டுரையில் இடம் கொடுங்கள். அடையாளம் நீக்கிய தரவையும் வினாநிரலையும் பகுப்பாய்வு நிரல்களையும் அந்நாட்டிலுள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, அவற்றைக் கையாளக்கூடிய இருவருக்காவது பயிற்சி அளித்தபின் திட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.